சொட்டுக் கணக்கும் கைப்பக்குவமும்

மார்கழி நீராட்டு விழாவில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு எண்ணெய்க்காப்பு நடக்கும். அதற்கான தைலத்தை, நல்லெண்ணெயில் பல மூலிகைகளை இட்டு நாள்கணக்கில் காய்ச்சி எடுப்பார்கள். கோயிலில் பெரிய அளவில் நடப்பதை இந்தப் பக்கத்து வீடுகள் சிறிய அளவில் செய்துவந்திருக்கின்றன. கரிசலாங்கண்ணி, பொடுதலை, செம்பருத்தி, கறிவேப்பிலை என்று கைக்குக் கிடைத்ததைத் தேங்காயெண்ணெயில் போட்டு, சலசலப்பு அடங்கும்வரை காய்ச்சி, வடிகட்டி வைத்துக்கொள்வார்கள். அளவு என்று எதையும் யாரும் எழுதிவைத்ததில்லை. ஒரு பிடி, இரண்டு கொத்து, பதம் பார்த்து இறக்குவது. இந்தத் தைலத்துக்குள்தான் இப்போது லாவெண்டர் வந்து சேர்ந்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரின் மடவார் வளாகத்தில் இருந்தாலும் பக்கத்து ராஜபாளையத்தில் இருந்தாலும், செல்பேசியில் ஒரு செய்முறைக் காணொளியைப் பார்த்துவிட்டு, பத்து மில்லி குப்பியைக் கூரியரில் வரவழைத்துவிடலாம். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், நலங்கு மாவு, கற்றாழைக் களிம்பு, வீட்டில் ஊற்றும் சோப்பு என்று எல்லாவற்றிலும் சில சொட்டுகள் விழுகின்றன.

லாவெண்டரில் நன்மை உண்டா என்பது எளிய கேள்வி. உண்டு. தைலம் காய்ச்சிப் பழகிய கை அதை எடுத்தாளும் விதத்தில் அந்த நன்மை மிஞ்சுகிறதா என்பதுதான் யோசிக்க வேண்டியது.

முதலில் பொருளைப் பார்ப்போம். தைலம் என்பது எண்ணெயில் ஊறி இறங்கிய மூலிகைச் சாறு. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒரு பிடி இலை என்றால், அதில் இறங்கும் சத்து மிகச் சொற்பம். எவ்வளவு தேய்த்தாலும் பெரும்பகுதி எண்ணெய்தான். லாவெண்டர் எண்ணெயோ பூங்கதிர்களுக்குள் நீராவியைச் செலுத்தி வடித்தெடுப்பது. ஏறக்குறைய 100 கிலோ பூவுக்கு ஒரு லிட்டர் கிடைக்கும். அதாவது குப்பியில் இருப்பது முழுக்க முழுக்கச் சாரம். அதைத் தாங்கும் எண்ணெயை நாம்தான் சேர்க்க வேண்டும். அந்தச் சாரத்தின் பெரும்பகுதி லினலூல், லினலைல் அசிட்டேட் என்ற இரண்டு வேதிப்பொருள்கள். லினலூல் நமக்குப் புதியதன்று; கொத்தமல்லி விதையின் மணத்துக்கும் மல்லிகையின் மணத்துக்கும் அதில் பங்குண்டு. செடிதான் அந்நியம். குளிர்நிலத்தில் வளர்வது, விருதுநகர் மாவட்டத்து வெயிலில் பிழைக்காது. இந்தியாவில் ஜம்முவின் தோடா மாவட்டத்தில், பதர்வா பகுதியில், மக்காச்சோளம் போட்ட நிலங்களில், மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் நறுமணப் பயிர்த் திட்டம் அதைப் பரப்பியிருக்கிறது. 'ஊதாப் புரட்சி' என்று அரசு அதற்குப் பெயரும் வைத்திருக்கிறது.

இனி இதன் பலங்கள். முதலாவது மணம். எண்ணெய்க் குளியலையே கைவிட்ட ஒரு தலைமுறையை, எண்ணெய்ப் பிசுக்கின் வாடை பிடிக்காது என்று ஒதுங்கிய பெண்களையும் பையன்களையும், இந்த மணம் திரும்ப அழைத்துவந்திருக்கிறது. லாவெண்டர் மணம் பதற்றத்தைத் தணிக்கும் என்பதற்கு ஆய்வுகளில் ஓரளவு ஆதரவும் இருக்கிறது. இரவில் தலையைப் பிடித்துவிட்டால் தூக்கம் வருகிறது என்று சொல்பவர்களைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. இரண்டாவது, வீட்டில் செய்பவருக்குத் தான் என்ன போடுகிறோம் என்று தெரிகிறது. கடைக் குப்பியின் பின்பக்கத்துப் பொடியெழுத்தைப் படிக்கும் பழக்கம் பலருக்கு இப்படித்தான் தொற்றியது. மூன்றாவது, சிறு வருமானம்: அடுப்படியில் தொடங்கி வாட்ஸ்அப்பில் விற்கும் பெண்களுக்கு, சாதாரண மூலிகை எண்ணெயைவிட லாவெண்டர் கலந்தது கொஞ்சம் கூடுதல் விலைக்குப் போகிறது.

முடி வளரும் என்ற வாக்குறுதிதான் விற்பனையை நடத்துகிறது. அதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று, ஸ்காட்லாந்தின் அபர்டீனில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வு. லாவெண்டர், ரோஸ்மேரி, தைம், செடார்வுட் ஆகிய நான்கு நறுமண எண்ணெய்களைத் தாங்கு எண்ணெயில் கலந்து ஏழு மாதம் நாள்தோறும் தேய்த்தார்கள். தேய்த்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். வெறும் தாங்கு எண்ணெயைத் தேய்த்தவர்களில் 15 சதவீதம். ஒழுங்காகச் செய்யப்பட்ட ஆய்வு, வியக்கத்தக்க முடிவு. ஆனால் அதில் கலந்துகொண்டவர்களுக்கு இருந்தது புழுவெட்டு. உடலின் எதிர்ப்பாற்றல் மயிர்க்கால்களையே தாக்குவதால் வட்ட வட்டமாக முடி கொட்டும் நோய் அது. சீப்பில் கொத்தாக வரும் முடியோ, நெற்றி ஏறும் வழுக்கையோ வேறு. மேலும், நான்கு எண்ணெய்கள் சேர்ந்து செய்ததில் லாவெண்டரின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்வை வைத்துப் பிரிக்க வழியில்லை. எலிகளின் தோலில் லாவெண்டரை மட்டும் தேய்த்து முடி வளர்ந்ததைக் காட்டிய ஆய்வு உண்டு. எலித்தோலுக்கும் நம் உச்சந்தலைக்கும் நடுவே இருக்கும் தூரத்தை விளம்பரங்கள் சொல்வதில்லை.

பேனுக்கும் இதே கதை. ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளிடம் நடத்திய ஒரு சோதனையில் டீ ட்ரீ எண்ணெயும் லாவெண்டரும் கலந்த மருந்து 97.6 சதவீதம் பேருக்குப் பேனை ஒழித்தது; வழக்கமான பைரெத்ரின் மருந்து 25 சதவீதம் பேருக்குத்தான். இதை மட்டும் படித்தால் லாவெண்டருக்கு வெற்றி. அதே சோதனையில் பேனை மூச்சுத்திணறடிக்கும் மூன்றாவது மருந்து ஒன்றும் இருந்தது. அதில் இந்த இரண்டு எண்ணெய்களும் இல்லை, அதுவும் 97.6 சதவீதம்தான் காட்டியது. தலை நிறைய எண்ணெயைப் பூசிப் பேன்சீப்பால் வாரிய பாட்டிமாரின் முறையை இத்தனை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் 'எனக்குக் கேட்டதே' என்று சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பிரசவத்துக்குப் பின் மூன்றாம் மாதவாக்கில் பெண்களுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தானாகவே திரும்ப வளர்ந்துவிடும். டைஃபாய்டு, டெங்கு போன்ற காய்ச்சலுக்குப் பின் கொட்டுவதும் அப்படித்தான். முடி மோசமாகக் கொட்டும்போதுதான் ஒருவர் எண்ணெய் காய்ச்ச உட்காருகிறார். அவர் காய்ச்சிய நேரமும் முடி மீளத் தொடங்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. நன்றி குப்பிக்குப் போகிறது. உண்மையில் இரும்புச்சத்துக் குறைவோ தைராய்டு கோளாறோ உள்ளவருக்கு இந்த நம்பிக்கை கெடுதல் செய்கிறது: இரத்தப் பரிசோதனை ஆறு மாதம் தள்ளிப்போகிறது.

குணமான கதைகள் ஒவ்வொரு மருந்தையும் சுற்றி வளர்வது இயல்பு. மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி கோயிலில், திருமலை நாயக்கரின் தீராத வயிற்றுநோய் தீர்ந்ததாகச் சொல்வார்கள். லாவெண்டருக்கும் ஒரு தலபுராணம் உண்டு. பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் ரெனே மொரிஸ் கட்டஃபோசே 1910-இல் ஆய்வகத் தீவிபத்தில் கை வெந்து, பக்கத்திலிருந்த லாவெண்டர்த் தொட்டிக்குள் கையை முக்க, தழும்பில்லாமல் ஆறிவிட்டது என்பது உலகம் முழுக்கச் சுற்றும் கதை. 1937-இல் அவரே எழுதிய நூலில் தொட்டியும் இல்லை, தற்செயலும் இல்லை. புண்ணில் அழுகல் கண்டபோது, தெரிந்தே, லாவெண்டரால் அதைக் கழுவியதாகச் சொல்கிறார். கோயில் கதையை நம்புகிறவர் அதை நம்பிக்கை என்றே சொல்கிறார். எண்ணெய்க் கதையை நம்புகிறவர் அதை விஞ்ஞானம் என்கிறார். சிக்கல் அங்கே தொடங்குகிறது.

குறைகளில் முதன்மையானது ஒவ்வாமை. சுத்தமான, புதிய லினலூல் தோலை அதிகம் தொந்தரவு செய்யாது. காற்றுப் பட்டால் அது மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரோபெராக்சைடுகளாகிறது. இவை ஒவ்வாமையை வலுவாகத் தூண்டுபவை. வெப்பமும் வெளிச்சமும் இந்த மாற்றத்தை விரைவுபடுத்தும். ஐரோப்பியக் குளிரில் எழுதப்பட்ட செய்முறையை அப்படியே ராஜபாளையத்துச் சித்திரை வெயிலுக்குக் கொண்டுவருவதில் உள்ள ஆபத்து இதுதான். அடுப்புக்கு மேல் அலமாரியில், பாதி காலியான குப்பி, மூடி சரியாகத் திருகாமல் ஒரு கோடை முழுவதும் நிற்கிறது. மணம் மாறினாலும் விலை கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனம் வருவதில்லை. கெட்டுப்போன தேங்காயெண்ணெய் சிக்கு வாடையால் காட்டிக்கொடுத்துவிடும்; லாவெண்டர் அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லாது.

இன்னொன்று, இந்த ஒவ்வாமை முதல் நாளில் வராது. தோல் அந்தப் பொருளைப் பலமுறை சந்தித்து, அடையாளம் கண்டு, பிறகு ஒருநாள் சிவந்து அரிக்கும். 'இரண்டு வருசமாப் போடுறேன், ஒண்ணும் ஆகலை' என்ற வாதம் அதனால் நிற்காது. ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். லினலூல் கலந்த சோப்பும் ஷாம்பூவும்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஜப்பானில் 1990 முதல் 1998 வரை தோல்நோயாளிகளிடம் செய்த ஒட்டுச் சோதனைகளில் லாவெண்டர் ஒவ்வாமை சராசரி 3.7 சதவீதம். நறுமண சிகிச்சை மோகம் பரவிய 1997 முதல் அது திடீரென ஏறி, உச்சமாக 13.9 சதவீதத்தைத் தொட்டது. இது மருத்துவரிடம் வந்தவர்களின் கணக்கு, ஊர் முழுவதின் கணக்கன்று. ஆனாலும் பழக்கம் பரவும்போது ஒவ்வாமையும் கூடவே பரவும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை தேவையில்லை.

ஐரோப்பிய ஒன்றிய விதி இங்கே ஒரு நல்ல அளவுகோல் தருகிறது. தோலிலேயே விட்டுவிடும் பூச்சில் லினலூல் 0.001 சதவீதத்துக்கு மேல் இருந்தால் குப்பியில் பெயர் போட வேண்டும். கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்துக்கு மேல். கழுவுவதற்கும் விடுவதற்கும் பத்து மடங்கு வேறுபாடு. நம் எண்ணெய்க் குளியல், வெள்ளியும் சனியும் தேய்த்து, சிறிது ஊறவிட்டு, சீயக்காய் போட்டுக் கழுவிவிடும் முறை. அந்த முறைக்குள் லாவெண்டர் வந்தால் ஆபத்து குறைவு. நாள் முழுவதும் தலையிலேயே இருக்கும் எண்ணெயாகவும் இரவு முழுவதும் முகத்தில் இருக்கும் களிம்பாகவும் அதை மாற்றும்போதுதான் ஆபத்து கூடுகிறது.

கைப்பக்குவம் தோற்கும் இடங்கள் இன்னும் சில. காய்ந்துகொண்டிருக்கும் எண்ணெயிலேயே சொட்டுகளை விட்டால் மணம் ஆவியாகிப் போகும். ஆறிய பின்தான் விட வேண்டும். குளிக்கும் வாளியில் விட்டால் நீரில் கரையாமல் மிதந்து, நீர்க்காத துளியாகவே தோலில் ஒட்டும். கற்றாழைச் சோற்றில் கலந்து வைத்தால் கெடாது என்ற எண்ணமும் தவறு. தோலுக்குத் தாங்கும் அளவு லாவெண்டர், பூஞ்சையைத் தடுக்கப் போதாது. சிறு பையன்கள் விஷயத்தில் தனிக் கவனம் தேவை. 2007-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், லாவெண்டரோ டீ ட்ரீயோ கலந்த பொருள்களைப் பயன்படுத்திய மூன்று சிறுவர்களுக்கு மார்பு வளர்ந்ததும், நிறுத்தியதும் அது வற்றியதும் பதிவானது. பின்னர் அதை மறுத்தவர்களும் உண்டு. வழக்கு முடியாதவரை குழந்தைக்குத் தேங்காயெண்ணெயே போதும்.

'இயற்கையானது, ஒன்றும் செய்யாது' என்பது இந்தப் பழக்கத்தின் மிக மோசமான வாக்கியம். சேராங்கொட்டையும் இயற்கைதான், அதன் பால் பட்ட தோல் கொப்பளிப்பதை நம் ஊரில் தெரியாதவர் இல்லை. நம் தைலங்களுக்கும் குறை உண்டு: ஈரம் போகாமல் இறக்கினால் கெட்டுவிடும், மூலிகையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் அவற்றின் நீர்த்த தன்மையே கைத்தவறுகளைப் பெரும்பாலும் மன்னித்துவிடும். லாவெண்டர் மன்னிக்காது.

விற்பனைக்கு வரும்போது பொறுப்பு இன்னும் கூடுகிறது. லாவெண்டர் எண்ணெய்க்கு விவசாயிக்கே லிட்டருக்குச் சுமார் 10,000 ரூபாய் கிடைக்கிறது. நூறு மில்லியை இருநூறு ரூபாய்க்குத் தருகிறேன் என்பவர் லிட்டரை 2,000 ரூபாய்க்கு விற்கிறார் என்று பொருள். அதற்குள் இருப்பது ஆலையில் செய்த வாசனைத் திரவமாகவோ மலிவான கலப்புச் சரக்காகவோதான் இருக்க முடியும். அழகுசாதனப் பொருளைச் செய்து விற்க உரிமம் வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜே அட்டவணையில் வழுக்கையும் இருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோர முடியாது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறியிலிருந்து இறங்கும் துணி, வெளுத்துச் சுத்திகரித்துத் தரம் பார்த்த பிறகே புண்ணுக்குக் கட்டும் துணியாகிறது. புண்ணைத் தொடும் துணிக்கு இருக்கும் அந்த ஒழுங்கு, தோலில் தினமும் ஊறும் எண்ணெய்க்கும் வேண்டும்.

எடைபோட்டால் இப்படி வருகிறது. மணப்பொருளாக லாவெண்டர் தன் இடத்தைப் பெற்றுவிட்டது. மருந்தாக அதன் சான்று மெலிந்தது. கவனமின்றிக் கையாண்டால் கெடுதல் நிச்சயமான பாதையில் வருகிறது. எனவே விலக்க வேண்டியதில்லை, அளக்க வேண்டும். நூறு மில்லி தாங்கு எண்ணெய்க்கு ஒரு மில்லி, அதாவது இருபது முதல் முப்பது சொட்டு, ஒரு சதவீதம். முகத்துக்கு அதில் பாதி. கலந்ததை முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு வாரம் தடவிப் பார்த்த பிறகே தலைக்கு. சிறிய அடர்நிறக் குப்பி, இருட்டான குளிர்ந்த இடம், திறந்த தேதி எழுதிய ஒரு துண்டுத் தாள். மணம் மட்டும் வேண்டுமென்றால் தேங்காயெண்ணெயில் வெட்டிவேரை ஊறவைத்தாலே போதும். செலவும் குறைவு, சொட்டுக் கணக்கும் இல்லை. விற்கிறவர் குப்பியில் மூன்றைத்தான் எழுத வேண்டும்: எத்தனை சதவீதம் லாவெண்டர், எந்தத் தேதியில் கலந்தது, எந்த மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முடி வளரும் என்று எழுத இடமிருந்து, இந்த மூன்றை எழுத இடமில்லாத குப்பியை வாங்க வேண்டியதில்லை.