விரைவும் அடக்கமும்

நான்கு வயதுக் குழந்தைக்கு ஓர் அட்டையைக் காட்டுகின்றனர். அதில் கதிரவன் உண்டு. குழந்தையோ 'இரவு' என்று சொல்லவேண்டும். திங்களும் விண்மீன்களும் உள்ள அட்டைக்குப் 'பகல்' என்று சொல்லவேண்டும். கெர்ஸ்டாட், ஹாங், டயமண்ட் ஆகிய மூவர் 1994இல் வெளியிட்ட ஆய்வு இது. நாவில் முந்தி எழும் சொல்லை அடக்கி, விதியை நினைவில் நிறுத்தி விடை கூறும் ஆற்றலை அளப்பதே அவர்தம் நோக்கம். இத்தகைய ஆற்றல்களைச் செயலாட்சித் திறன் எனலாம். இளங்குழந்தைகள் இதில் பெரிதும் இடறினர்.

இடறலுக்குக் காரணம் யாது? இரு விதிகளையும் நினைவில் வைக்க இயலாமை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் 2002இல் டயமண்டும் உடன் ஆய்ந்தோரும், அட்டையைக் காட்டியதும் ஒரு சிறு பாட்டைப் பாடி, அது முடிந்த பின்னரே விடை கேட்டனர். விதி மாறவில்லை, வயதும் மாறவில்லை, சில நொடித் தாமதம் ஒன்றே புதிது. விடைகள் பெரிதும் திருந்தின. பாட்டிலே 'விடையை எண்ணிப் பார்' என்னும் அறிவுரை இருந்தமையால் திருந்தினவோ என்ற ஐயம் எஞ்சியது. தொடர்பற்ற சொற்களைப் பாடினாலும் பயன் அதுவே என 2016இல் வந்த ஆய்வு காட்டிற்று. உதவியது அறிவுரையன்று, காலமே.

ஆகவே விரைந்து தந்த பிழை, விதியை அறியாமைக்குச் சான்றாகாது. தாமதித்துத் தந்த நல்விடையும் அடக்கும் வலிமைக்கு முழுச் சான்றாகாது. முந்திய சொல் அதற்குள் தானே தணிந்திருக்கலாம். இவ்விரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் கலப்பதுதான் குறை.

இது சிங்கப்பூர்த் தமிழாசிரியருக்கு அயலான செய்தியன்று. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்குள்ள இந்தியருள் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலமே. பாட்டியுடன் தேக்கா சந்தைக்குச் செல்லும் சிறுவனுக்குக் கத்தரிக்காய் தெரியும். வகுப்பில் படத்தைக் காட்டி 'உடனே சொல்' என்றால் 'பிரிஞ்சால்' முந்திக்கொள்ளும். அதைத் தமிழறியாமை எனக் குறித்துக்கொள்வது அவசரத் தீர்ப்பு.

இனி, விரைவைக் கண்டு மயங்குவதும் உண்டு. 1935இல் ஸ்ட்ரூப் நடத்திய சோதனையில், 100 வண்ணங்களின் பெயரைக் கூறச் சராசரியாக 63 நொடி ஆயிற்று. 'சிவப்பு' என்பதைப் பச்சை மையில் அச்சிட்டு மையின் நிறத்தைக் கேட்பதுபோல், சொல்லும் மையும் முரண்பட்டபோது 110 நொடி ஆயிற்று. சொல்லை நம்மையறியாமலே படித்துவிடுகிறோம். அதனால் வந்த தடை இது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவனையோ அச்சொல் அவ்வளவாக இழுக்காது. அவன் தடையின்றி நிறம் சொல்லக்கூடும். அதை மனவடக்கம் என்று பாராட்டினால், படிக்க இயலாமைக்குப் பரிசு கொடுத்தவராவோம். ஸ்ட்ரூப் வண்ணப் பெயர்களைக் கறுப்பு மையில் படிக்கவைத்தும் காலம் அளந்தார். தமிழில் இச்சோதனையை நடத்துவோர் அப்பகுதியை விட்டுவிடலாகாது.