பாட்டைக் கேட்டுட்டுக் குடு சார்!

போன வாரம் தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயில். கூட்டமில்லாத மத்தியான நேரம். ஒரு திருநங்கை ஏறினார். கைதட்டல் கேட்டதுமே என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்விட்டது. அவர் பாட ஆரம்பிப்பதற்குள் பத்து ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை.

''பாட்டைக் கேட்டுட்டுக் குடு சார். அதுக்குள்ள என்ன அவசரம்?''

எதிர் சீட்டுக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால், இத்தனை வருஷமாக நான் பாட்டுக்குக் காசு கொடுக்கவே இல்லை. பாடாமல் நகர்வதற்குத்தான் கொடுத்திருக்கிறேன்!

வீட்டுக்கு வந்து ஒரு பழைய வீடியோவைத் தேடிப் போட்டேன். 'சிக்ஸ் பேக் பேண்ட்'. இந்தியாவின் முதல் திருநங்கைகள் இசைக்குழு என்று 2016 ஜனவரியில் அறிமுகமானது. யஷ்ராஜ் நிறுவனத்தின் இளைஞர் பிரிவான ஒய்-ஃபிலிம்ஸ் தயாரிப்பு. இசை, ஷமீர் டண்டன். பணம் போட்டது ரெட் லேபிள் டீ. முதல் பாட்டு 'ஹம் ஹைன் ஹேப்பி', ஃபாரல் வில்லியம்ஸின் 'ஹேப்பி' பாட்டுக்கு இந்தி வடிவம். அந்த வருஷமே கான் விளம்பர விழாவில் 'கிளாஸ் லயன்' பிரிவின் கிராண்ட் ப்ரீ. அப்போது நானும் ''ஆஹா'' என்று நாலு பேருக்கு அனுப்பினேன். முழுசாகக் கேட்டேனா என்றால், இல்லை. இந்த முறைதான் கேட்டேன்.

நல்ல பாட்டுதான். அதற்கு முக்கியக் காரணம் கைதட்டல். ஒரிஜினலிலும் கைதட்டல் உண்டு. குஷியில் தாளம் போடுகிற தட்டல். இவர்களுடையது விரல்களை விரித்து, உள்ளங்கையோடு உள்ளங்கை அறைகிற சத்தம். சிக்னலில் கேட்டால் கார்க் கண்ணாடி ஏறும். நம் சினிமாவில் காமெடிக் காட்சிக்குப் பயன்பட்ட அதே சத்தம், இங்கே தாளமாக நிமிர்ந்து நிற்கிறது.

குறையும் இருக்கிறது. ஹார்மோன் சிகிச்சை திருநங்கைகளின் குரலை மாற்றுவதில்லை. பருவ வயதில் தடித்த குரல்நாண் தடித்ததுதான். அதனாலேயே அந்தக் குரலுக்கு நம் பின்னணிப் பாடகர்களிடம் இல்லாத ஒரு நிறம் உண்டு. ஸ்டூடியோ மெருகில் ஆறு பேரின் நிறமும் ஒன்றாகக் கரைந்துவிட்டது. ஆஷா ஜக்தாப் எங்கே, ஃபிதா கான் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள் பார்க்கலாம். அடுத்த பாட்டில் சோனு நிகம் வேறு வந்து சேர்ந்தார். பழகிய குரல், காது அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொரு வருத்தம். வடக்கே குழந்தை பிறந்த வீட்டிலும் கல்யாண வீட்டிலும் டோலக் அடித்து இவர்கள் பாடுகிற 'பதாய்' பாட்டுகள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. சொந்தச் சொத்தை வீட்டில் வைத்துவிட்டு, அமெரிக்க மெட்டைக் கடன் வாங்குவானேன்?

பி.காம். படித்தவன் புத்தி, கணக்குப் பார்க்காமல் இருக்காது. கான் விருது விளம்பரத்துக்கான விருது. பாட்டுக்கானது அல்ல. 2018-ல் 'சிக்ஸ் பேக் பேண்ட் 2.0' வந்தது. இந்த முறை சிறப்புக் குழந்தைகள் ஆறு பேர். நல்ல காரியம்தான். ஆனால் பாடுகிறவர்கள் மொத்தமாக மாறியும் பெயர் தொடர்கிறது என்றால், அந்தப் பெயர் யாருடையது? அக்கவுண்டன்ஸியில் 'குட்வில்' என்று ஒன்று உண்டு. வேலையாட்கள் மாறினாலும் அது முதலாளி கணக்கில்தான் நிற்கும்.

டீ கம்பெனியை மட்டும் திட்டி என்ன பயன்? அவர்களாவது மைக் கொடுத்தார்கள். நாம்?

மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ், தஞ்சை நால்வர் வழிவந்த கிட்டப்பா பிள்ளையிடம் பல வருஷம் குருகுலவாசம் இருந்து பரதம் கற்றவர். 2011-ம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாடமி விருது, 2019-ல் பத்மஸ்ரீ. 'பத்மஸ்ரீ பெறும் முதல் திருநங்கை' என்று பக்கம் பக்கமாக எழுதினோம். அந்தக் குருகுலவாசம் அவர் உடம்பில் என்ன செய்தது, நாயகி பாவத்தில் அவருடைய அபிநயம் எப்படி என்று எத்தனை பேர் எழுதினோம்? அதற்கு ஆடுவதைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் பாராட்டுவது சுலபம். அதுவும் என் பத்து ரூபாய் மாதிரிதான்.

சொல்ல மறந்துவிட்டேனே. அன்றைக்கு ரயிலில் அவர் பாடினார். பழைய சினிமாப் பாட்டு. பல்லவி கணீரென்று இருந்தது. சரணத்தில் சுருதி கொஞ்சம் இறங்கிப்போனது. முடித்துவிட்டு, பத்து ரூபாயை வாங்கிக்கொண்டு கேட்டார்: ''எப்படி சார் இருந்துச்சு?''

''நல்லா இருந்துச்சும்மா'' என்றேன்.

சரணத்தைப் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும். ஒரு பாடகியிடம் அப்படித்தானே பேசுவோம்?