எதிராளியின் பதிலையும் அச்சிட்ட நூல்

1936இல் லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. சாதியை ஒழிக்கவென்றே சீர்திருத்த இந்துக்கள் நடத்திய அமைப்பு அது. உரையைப் படித்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். அவர் இணங்கவில்லை, மாநாடு நின்றுபோனது. அவர் உரையைத் தம் செலவிலேயே 1,500 படிகள் அச்சிட்டார். ‘சாதி ஒழிப்பு’ நூல் இப்படித்தான் பிறந்தது.

தோழமை கொண்டாடியவர்கள் வாயடைத்த பேச்சுக்கு எதிராளி பதில் எழுதினார். அந்த ஜூலையில் காந்தி ‘ஹரிஜன்’ இதழில் அம்பேத்கரின் குற்றச்சாட்டுகளை எடுத்துச் சொல்லி மறுத்தார். உரையைத் தடுத்தது தவறு என்றார். நூலின் விலையான எட்டணா அதிகம், குறைக்கலாம் என்றும் எழுதினார். 1937இல் வந்த இரண்டாம் பதிப்பில் காந்தியின் கட்டுரைகளையும் அவற்றுக்குத் தம் மறுமொழியையும் அம்பேத்கர் சேர்த்தார். மாற்றுக் கருத்தினரோடு வாதிட்டுப் பயனுண்டா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

காந்தி அன்று வருணத்தைக் கைவிடவில்லை. 1940களில் கலப்பு மணத்தை வெளிப்படையாக ஆதரித்தார். ஆனால் பத்தாண்டு கழித்து வந்த மாற்றத்தை ஒற்றை வாதத்தின் கணக்கில் எழுத நான் தயாரில்லை. அம்பேத்கரோ 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். எதிராளியை மனம் மாற்றுவதே நோக்கமென்றால் இந்த வாதம் தோற்றது. வென்றவர்கள் வாசகர்கள். பெரியாரின் ‘குடி அரசு’ வழியாக அந்த உரை தமிழுக்கும் வந்தது.

இந்த வாதத்தின் குறையையும் மறைக்கக் கூடாது. காந்திக்கு இது சாத்திரத்தை எப்படிப் பொருள்கொள்வது என்ற கேள்வி. அம்பேத்கருக்கோ, பொதுக்குளத்தில் தண்ணீர் அள்ளவே 1927இல் மகாடில் போராட வேண்டியிருந்த தம் மக்களின் வாழ்வு. இருவரும் பணயம் வைத்தது ஒன்றல்ல. ‘வாருங்கள், பேசித் தீர்க்கலாம்’ என்று எளிதாக அழைப்பவர்கள் இதை நினைப்பதேயில்லை. 1932இல் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருக்க, அவர் உயிருக்கு அஞ்சி நாடே அம்பேத்கரை நெருக்கியபோது, ஒடுக்கப்பட்டோரின் தேர்தல் தொகுதிகள் குறித்து உருவான பூனா ஒப்பந்தத்தை வாதத்தின் வெற்றி என்று நான் ஏற்க மாட்டேன். உயிரைப் பணயம் வைத்த இடத்தில் மறுத்துப் பேச ஒருவருக்கு வழியேது?

என் சொல்லைத் திரிக்காமல் எடுத்துச் சொல்லி மறுப்பவரோடு எத்தனை ஆண்டும் வாதிடலாம். தன் மனிதத் தகுதியையே ஒருவர் நிரூபிக்க வேண்டிய மேடைக்கு அவர் வர மறுத்தால், அது கோழைத்தனமல்ல. ‘சாதி ஒழிப்பு’ வாங்குபவர்கள் காந்தியின் பதிலும் உள்ள பதிப்பையே கேட்டு வாங்குங்கள். அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகாதீர்கள்.