காயவிட்டால் பிழைக்கும் செடி

மசினகுடி, கூடலூர் வட்டாரத்தில் வீட்டில் ஆர்கிட் வளர்த்துச் சாகக் கொடுத்தவர்களிடம் பேசிப் பாருங்கள். “தினமும் தண்ணி ஊத்தித்தானே வளர்த்தேன்” என்பார்கள். செடி செத்த காரணத்தையும் அந்த வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் அன்பில் குறையில்லை. மண்ணில் வளரும் செடிக்கு உரிய அன்பை மரத்தில் வளரும் செடிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

முதுமலையில் தெப்பக்காட்டைச் சுற்றியுள்ள இலையுதிர் காட்டுக்கு உரிய வாண்டா டெசலாட்டாவை எடுத்துக்கொள்வோம். சமவெளியில் மாமரத்திலும் புளியமரத்திலும்கூடக் காணக் கிடைப்பது. அரிய செடி அல்ல. வார்போன்ற தடித்த இலைகள், காற்றில் தொங்கும் சாம்பல்நிற வேர்கள், மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம் போட்ட இதழ்கள், நடுவில் ஊதா உதடு, நல்ல வாசனை. மரத்தில் இருப்பதால் இதைப் புல்லுருவிக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. பெயரிலேயே அந்தக் குழப்பம் இருக்கிறது: மரத்தில் தொற்றும் செடிகளுக்கு வடமொழியில் வழங்கிய ‘வந்தா’ என்ற சொல்லைத்தான் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஜோன்ஸ் தாவரவியலுக்குக் கொண்டுபோனார். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். வாண்டாவுக்கு மரம் நிற்க ஓர் இடம், அவ்வளவுதான்.

அந்த இடம் எப்படிப்பட்டது என்பதில்தான் பராமரிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை தெப்பக்காட்டில் வறட்சி. கருமருதும் தேக்கும் இலையைக் கொட்டிவிட, கிளையில் வெயில் நேராக விழும். தரையில் காட்டுத்தீ ஓடும் மாதங்களும் அவையே. கோடைமழை விழுந்த பிறகுதான் வேர்நுனி பச்சை கட்டும். ஜூனில் பருவமழை பிடித்தாலும் ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே காற்று வேரை உலர்த்திவிடும். அந்த வேரைப் போர்த்தியிருக்கும் வெலமென் என்ற உறை, செத்த செல்களால் ஆன பஞ்சு. தண்ணீர் பட்டதும் சாம்பல்நிற வேர் பச்சையாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதற்கு அதிக நேரம் ஆகாது. இலைகளோ பகலில் துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவைச் சேமித்துக்கொள்ளும். நனைவதற்கும் காய்வதற்கும் சேர்த்துப் பழகிய உடம்பு அது. இப்படிப்பட்ட வேரைத் தொட்டி மண்ணில் புதைத்தாலோ, தேங்காய் மட்டைக்குள் திணித்து நாள் முழுக்க ஈரமாக வைத்தாலோ அழுகாமல் என்ன செய்யும்?

இந்தத் தவறு நம்மோடு தொடங்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கனவான்கள் வெப்பநாட்டு ஆர்கிட்டுகளைக் கண்ணாடி வீட்டில் அடைத்து, கதவைச் சாத்தி, நீராவியில் வேகவைத்துக் கொன்றார்கள். சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் காற்றோட்டம் கொடுத்து, சூட்டைக் குறைத்துக் காட்டிய பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. அதற்குள் போனது போய்விட்டது. வழியிலேயே போனவையும் உண்டு: 1850-இல் மேகாலயாவின் காசி மலையில் ஜோசப் ஹூக்கர் நீல வாண்டாவை ஏழு ஆள் சுமை சேகரித்துக் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். இங்கிலாந்தை உயிரோடு அடைந்தவை சிலவே என்று அவரே தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். ஏழு சுமைச் செடி!

தொட்டிக்கு மாற்றாக நான் பரிந்துரைப்பது, வீட்டு முற்றத்து மரத்திலேயே கட்டி வளர்ப்பதை. பட்டை வெடித்த மரமாக இருக்க வேண்டும், மா நல்லது. வெண்தேக்கு போலப் பட்டை உரியும் மரங்கள் ஆகாது. தைலமரமும் அப்படித்தான்: பட்டையோடு சேர்ந்து செடியும் கீழே வரும். எஸ்டேட்டுகளில் எங்கும் நிற்கும் சில்வர் ஓக்கின் கிளைகளை நிழலைக் குறைப்பதற்காகக் கழித்துவிடுவார்கள். அதில் கட்டுவதானால் அடிமரத்தில் கட்டுங்கள். காலை வெயில் படும் கிழக்குப் பக்கம் உகந்தது. பருவமழைக்குச் சற்று முன், வேர்நுனி பச்சை கட்டும் சமயத்தில், பழைய வேட்டிக் கிழிசலாலோ பருத்திக் கயிற்றாலோ ஆடாமல் கட்டினால் போதும். செடி ஆடினால் புது வேர் பட்டையைப் பிடிக்காது. செம்புக் கம்பி செடிக்கு நஞ்சு. தண்ணீர் ஊற்றுவதானால் காலையில். இரவுக்குள் வேர் வெளுத்திருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரைவிடச் சேர்த்துவைத்த மழைநீர் மேல். உரம் கொடுத்தால் மிக நீர்த்ததாகக் கொடுங்கள்.

இம்முறையின் பெரிய பலம், செடிக்கு வேண்டியதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை என்பது. மழை நனைக்கும், காற்று உலர்த்தும். ஆனால் குறைகளையும் மறைக்கக் கூடாது. கட்டிய முதல் கோடையில் வேர்ப்பிடி போதாது. அந்த ஓர் ஆண்டு நீர் தெளிக்காவிட்டால் செடி சுருங்கிவிடும். மழைக்காலத்தில் நத்தைகள் இளம் வேர்நுனியைத் தின்னும். குரங்குகள் பிடுங்கி எறியும். இந்தப் பக்கத்தில் அது சின்னத் தொல்லை அல்ல. மரம் சாய்ந்தால் செடியும் போயிற்று. மரமில்லாத வீட்டுக்காரர், கரித்துண்டு போட்ட மரச்சட்டக் கூடையில் வேர் வெளியே தொங்கும்படி வளர்ப்பதை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன்.

இன்னொன்று, உயரம். தெப்பக்காடு ஏறத்தாழ 900 மீட்டர், ஊட்டி 2,240. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து மேலே போகும் வாண்டா, உறைபனி விழும் மாதங்களில் நடுங்கி நின்றுவிடும். ஊட்டிக் குளிருக்குச் சிம்பிடியம் என்ற ஆர்கிட் இருக்கிறது. அதைக் கீழே கொண்டுவந்தால் இலையாக வளர்ந்து, பூக்க மறுக்கும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படும் கேள்வி, செடி எங்கிருந்து வந்தது என்பது. ‘காட்டுச் செடி’ என்று பெருமையோடு காட்டப்படும் ஆர்கிட் பெரும்பாலும் எடுக்கக் கூடாத இடத்தில் எடுத்ததாகவே இருக்கும். முதுமலை 1940 முதல் சரணாலயம், 2007 முதல் புலிகள் காப்பகம். அனுமதியின்றி அங்கிருந்து ஒரு செடியை எடுப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எடுக்கவேண்டிய தேவையும் இன்று இல்லை. ஆர்கிட் விதை தூசியைப் போன்றது. உள்ளே உணவில்லாததால் காட்டில் பூஞ்சையின் துணையோடுதான் முளைக்கும். 1922-இல் லூயிஸ் நட்சன் சர்க்கரை கலந்த ஊட்டக்கூழில் பூஞ்சையின்றியே முளைக்கவைத்துக் காட்டினார். அந்த வழியில் ஒரே காயிலிருந்து ஆயிரக்கணக்கான கன்றுகளை ஆய்வகத்தில் எடுக்கலாம். ஆகவே நாற்றுப்பண்ணையில் பிறந்த கன்றை மட்டுமே வாங்குங்கள். வீட்டில் எவ்வளவு நன்றாக வளர்த்தாலும், காட்டில் பிடுங்கிய செடி காட்டுக்கு நஷ்டம்தான்.

“யானை ஒடித்த கிளையில் கிடந்தது, விட்டிருந்தால் செத்திருக்கும்” என்று வாதிடுவோர் உண்டு. பாதி உண்மை: தரையில் விழுந்த வாண்டா நிழலிலும் ஈரத்திலும் அழுகும், அல்லது தீயில் போகும். ஆனால் விழுந்ததா, பறித்ததா என்று எவராலும் நிரூபிக்க முடியாது. சட்டம் விலக்கு அளிக்காதது சரியே. விழுந்த செடியைக் காப்பாற்ற அதைக் காட்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டியதில்லை, பக்கத்திலேயே நிற்கும் கருமருதில் திரும்பக் கட்டினால் போதும். மரமேறவும் மரத்தை அறியவும் தெரிந்த குறும்பர்களும் காட்டுநாயக்கர்களும் இங்கேயே இருக்கிறார்கள். பருவமழைக்கு முன் சில நாட்கள், கொஞ்சம் பருத்திக் கயிறு, அவர்களுக்கு உரிய கூலி. வனத்துறை இதை வரும் ஜூனிலேயே தெப்பக்காட்டில் தொடங்க வேண்டும்.