ஒரே பாடவேளை, இரண்டு சம்பளம்

மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் பஸ் பிடித்து, திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு, பாடம் நடத்துபவர் உதவிப் பேராசிரியரா கௌரவ விரிவுரையாளரா என்று தெரியாது. இருவரும் அதற்கு 'சார்'தான். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் மே மாதம் வந்தால் வித்தியாசம் தெரியும். ஒருவருக்குச் சம்பளம் உண்டு, மற்றவருக்குக் கிடையாது.

பதவிப் பெயர்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010 விதிமுறைகளுக்குப் பின் விரிவுரையாளர் உதவிப் பேராசிரியரானார், ரீடர் இணைப் பேராசிரியரானார். 2018-இல் கல்லூரிகளுக்கு எட்டாத உயரத்தில் மூத்த பேராசிரியர் பதவியும் வந்தது. பெயர்கள் அமெரிக்க வழக்கு, ஏற்பாடு நம்முடையது. அங்கே ஆறேழு வருடம் சோதித்துப் பார்த்து, தேறினால் நிரந்தரம், இல்லையேல் வெளியே. வேண்டாத கருத்தைச் சொன்னதற்காக ஒருவர் வேலை போகக் கூடாது என்பது அந்த நிரந்தரத்தின் நோக்கம். இங்கே ஓராண்டு தகுதிகாண் பருவம், மிஞ்சினால் இன்னோராண்டு. பிறகு ஓய்வு வரை கவலையில்லை. முனைவர் பட்டத்தோடு சேர்ந்தவர் படிப்படியாக 15 ஆண்டில் பேராசிரியராகலாம். அந்தப் படிகளுக்குக் கட்டுரை எண்ணிக்கை தேவைப்பட்டதும், காசு வாங்கிப் போடும் ஆய்விதழ்கள் முளைத்தது தனிக் கூத்து.

ஏணியில் ஏறியவர் கதை இது. ஏணியே இல்லாத கௌரவ விரிவுரையாளர்கள் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் 7,000 பேருக்கு மேல். அவர்களின் தொகுப்பூதியம் சில ஆண்டுகளுக்கு முன்புதான் 20,000 ரூபாயிலிருந்து 25,000 ஆனது, அதுவும் 11 மாதத்துக்கு. உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமே 57,700. மானியக் குழுவின் 2018 விதிமுறை, ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்த இடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. ஊதியமும் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மொத்த மாதச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. கௌரவ விரிவுரையாளர்கள் ஒப்பந்தக்காரர்கள் அல்ல, தற்காலிகமாக வந்து போகிறவர்கள் என்று அரசு சொல்லித் தப்பிக்கலாம். பத்து வருடமாகத் தினமும் வந்து, வருகைப்பதிவும் விடைத்தாளும் பார்ப்பவரை அப்படிச் சொல்ல முகம் வேண்டும். குஜராத்தில் 30,000 ரூபாய்க்கு வேலை பார்த்த ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்கு, நிரந்தரப் பணியாளரின் குறைந்தபட்ச ஊதியத்தைக் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2025 ஆகஸ்டில்.

நிரந்தரமாக்கினால் சோம்பேறிகள் பெருகுவார்கள் என்ற எதிர்வாதம் வெறும் வாய்ப்பேச்சல்ல. விருத்தாசலம் இருக்கும் இதே கடலூர் மாவட்டத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தேவைக்கு மேல் ஆளெடுத்து நிதியில் மூழ்கியது. 2013-இல் அரசு சட்டம் போட்டு அதை ஏற்றது. உபரி ஆசிரியர்கள் மாநிலமெங்கும் அரசுக் கல்லூரிகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். ஆனால் அங்கே குற்றவாளி நிரந்தரம் அல்ல. பாடவேளையை எண்ணிப் பார்க்காமல் பணியிடம் உருவாக்கியதுதான். கௌரவ விரிவுரையாளர் விஷயத்தில் அரசு செய்வதும் அதே பிழைதான், தலைகீழாக: பாடவேளை இருக்கிறது, பணியிடத்தை நிரப்புவதில்லை.

ஆகவே என் தீர்ப்பு நிரந்தரத்தின் பக்கம், ஆனால் இன்றைய வடிவத்தில் அல்ல. ஓராண்டுத் தகுதிகாண் பருவம் கண்துடைப்பு. ஐந்தாண்டாக்கி, வகுப்பறையையும் பார்த்து முடிவு செய்யலாம். அந்த ஐந்தாண்டும் முழுச் சம்பளம் தர வேண்டும். ஏற்கெனவே பத்தாண்டு பாடம் நடத்தியவரை முதல் படியில் நிறுத்தாமல், அந்த அனுபவத்தைத் தகுதிகாண் காலத்தில் கழித்துக்கொள்ள வேண்டும். 2024-இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிக்கை விட்டு, தேர்வைத் தள்ளிப்போட்டது. இடம் இருக்கிறது என்று அரசே ஒப்புக்கொண்ட பிறகு, வாதிட மிச்சமிருப்பது பணம் மட்டும்தான்.