கல்லில் விழுந்த நாணயம்

எழுதப் பழக என்ன வழி என்ற கேள்விக்கு அந்தோன் செகாவ் ஒருமுறை சொன்ன பதில், பள்ளிக்கூட வாத்தியார் சொல்வதைப் போல இருக்கிறது. லெர்மன்தவின் ‘தமான்’ கதையை எடுத்துக்கொள்ள வேண்டும். இலக்கண வகுப்பில் வாக்கியத்தைப் பிரித்துக் காட்டுவார்களே, அப்படி அதை வரிவரியாக, உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தான் கற்பதாக இருந்தால் அப்படித்தான் கற்பேன் என்றார். ஏதோ போகிற போக்கில் சொன்னதல்ல இது. 1888இல் கவிஞர் பொலோன்ஸ்கிக்கு எழுதிய கடிதத்திலும் ‘தமான்’ கதையை மேற்கோள் காட்டி, நல்ல கவிதைக்கும் நல்ல உரைநடைக்கும் உள்ள உறவுக்கு அதுவும் ஒரு சான்று என்கிறார்.

மிகயீல் லெர்மன்தவின் ‘நம் காலத்து நாயகன்’ நாவலில் ஒரு பகுதி அந்தக் கதை. 1840இல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 25. அடுத்த ஆண்டே துப்பாக்கிச் சண்டை ஒன்றில் உயிரைவிட்டார். பெச்சோரின் என்ற ராணுவ அதிகாரி தமான் என்ற கடலோரச் சிற்றூருக்கு வந்து, வேறு இடம் கிடைக்காமல் கரையோரக் குடிசை ஒன்றில் தங்குகிறான். அங்கே பார்வையற்ற சிறுவன் ஒருவன் இருக்கிறான். இரவில் ஒரு படகு வந்துபோகிறது. கடத்தல் நடக்கிறது என்று பெச்சோரின் மோப்பம் பிடித்துவிட, ஒரு பெண் அவனை ஆசைகாட்டிப் படகில் ஏற்றி நடுக்கடலில் தள்ளிவிடப் பார்க்கிறாள். அவனுக்கோ நீச்சல் தெரியாது. எப்படியோ தப்பிக் கரையேறுகிறான்.

இதுவரை சாகசக் கதைதான். கதையின் உயரம் கடைசிப் பக்கத்தில் தெரிகிறது. குட்டு உடைந்துவிட்டதால் கடத்தல்காரன் யான்கோ அந்தப் பெண்ணை மட்டும் அழைத்துக்கொண்டு ஊரைவிட்டே போகிறான். இத்தனை நாளும் இருட்டில் மூட்டை சுமந்த சிறுவனுக்கு இனி அங்கே வேலையில்லை. தின்பண்டம் வாங்கிக்கொள் என்று அவன் கையில் எதையோ வைக்கிறான் யான்கோ. இவ்வளவுதானா என்று பையன் கேட்கிறான். இன்னொரு நாணயம் வருகிறது. அது கைக்குப் போகாமல் கல்லில் பட்டு ஒலித்து விழுகிறது. பையன் அதை எடுக்கவில்லை.

செகாவ் சொன்னபடி இந்த இடத்தைப் பிரித்துப் பார்க்கலாம். பையனின் மனம் உடைந்தது என்று சொல்லும் வாக்கியம் இங்கே கிடையாது. யான்கோ கல்நெஞ்சன் என்ற தீர்ப்பும் இல்லை. ஒரு சின்னக் கேள்வி, ஒரு ஓசை, செய்யாமல் விட்ட ஒரு செயல், அவ்வளவே. ஓசையைத் தேர்ந்ததில் இருக்கிறது கைத்திறன். பார்வையில்லாதவனுக்கு நாணயம் விழுந்த இடம் காதாலேயே தெரிந்திருக்கும். குனிந்து துழாவினால் கிடைத்திருக்கும். ஆகவே அவன் எடுக்காதது இயலாமையால் அல்ல. அதன்பிறகுதான் அவன் நெடுநேரம் அழுததாகக் கதை சொல்கிறது. அதற்குள் வாசகர் அவன் பக்கம் போய் நின்றுவிடுகிறார். உணர்ச்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொருளை வைத்துவிட்டு விலகிக்கொள்ளும் வித்தை இது. செகாவ் லெர்மன்தவிடம் எடுத்துக்கொண்டவற்றில் ஆகப் பெரியது இதுதான் என்று தோன்றுகிறது.

1886இல் எழுதிய ‘துயரம்’ கதையில் அது அப்படியே தெரியும். வண்டிக்காரர் அயோனா பதாபவின் மகன் இறந்து ஒரு வாரம்கூட நிறையவில்லை. யாரிடமாவது முழுதாகச் சொல்லி ஆற வேண்டும். வண்டியில் ஏறும் அதிகாரிக்கும் கேட்க நேரமில்லை, குடித்துவிட்டுக் கூச்சல்போடும் மூன்று இளைஞர்களுக்கும் பொறுமையில்லை. கடைசியில் லாயத்துக்குப் போய், வைக்கோல் மென்றுகொண்டிருக்கும் தன் குதிரையிடம் சொல்லத் தொடங்குகிறார். கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. குதிரை மென்றுகொண்டே இருப்பதை எழுதியதுதான் இதில் முக்கியம். அது தலையசைத்தது, கண்ணீர் விட்டது என்று எழுதியிருந்தால் கதை செத்திருக்கும்.

ஆறு ஆண்டுகள் கழித்து லிடியா அவிலோவா என்ற எழுத்தாளருக்கு அனுப்பிய கடிதத்தில் செகாவ் இதையே தொழில் ரகசியமாகச் சொல்லிக் கொடுக்கிறார். துன்பப்படுகிறவர்களை எழுதி வாசகரின் இரக்கத்தைப் பெற விரும்பினால் எழுதுபவர் இன்னும் குளிர்ந்து நிற்க வேண்டும். அந்தக் குளிர்ச்சியே பின்புலமாகி, பிறர் துயரத்தை எடுப்பாகக் காட்டும் என்கிறார். மாக்சிம் கார்க்கிக்கு எழுதிய கடிதங்களில் கண்டிப்பு கூடுதல். பெயரடைகளையும் வினையடைகளையும் வெட்டச் சொல்கிறார். ஒருவன் புல்லில் உட்கார்ந்தான் என்றால் சட்டென்று புரிகிறது. அவன் உயரம், மார்பு அகலம், தாடி நிறம், புல் நசுங்கிய விதம், அவன் பார்த்த பார்வை எல்லாம் ஒரே வாக்கியத்தில் ஏறினால் மூளை திணறுகிறது. கடலைப் பற்றித் தான் படித்ததிலேயே அருமையானது, கடல் பெரியதாக இருந்தது என்று பள்ளிப்பிள்ளை ஒன்று நோட்டில் எழுதியிருந்த வரிதான் என்று எழுத்தாளர் இவான் புனினிடம் அவர் சொன்னதும் இதே மனப்பாங்கில்தான்.

இந்தச் சிக்கனம் பிறவியிலேயே வந்ததல்ல. மாஸ்கோவில் மருத்துவம் படித்தபடி, குடும்பத்தைக் காப்பாற்ற ‘அஸ்கோல்கி’ போன்ற நகைச்சுவைப் பத்திரிகைகளுக்கு எழுதித் தள்ளிய காலத்தில் பழகியது. ஒரு கதைக்கு ஏறக்குறைய 100 வரி. அதற்கு மேல் போனால் ஆசிரியர் லெய்கின் முகம் சுளிப்பார். நூறு வரிக்குள் ஒரு மனிதனை நிறுத்திக் காட்ட வேண்டுமென்றால் அவனுடைய மேல்கோட்டோ தும்மலோதான் கைகொடுக்கும். 1883இல் வந்த ‘எழுத்தரின் மரணம்’ தும்மலால் நடந்தது. அடுத்த ஆண்டு வந்த ‘பச்சோந்தி’ கோட்டைப் போடுவதிலும் கழற்றுவதிலும் நடந்தது. பின்னாளில் 1899இல் தன் எழுத்து முழுவதையும் பதிப்பாளர் மார்க்ஸுக்கு 75,000 ரூபிளுக்கு விற்றபோது, பழைய கதைகளையெல்லாம் மறுபடி உட்கார்ந்து திருத்தினார். தேறாது என்று பட்டவற்றைத் தொகுப்பிலிருந்து தூக்கிப் போட்டார். கதை எழுதி முடித்ததும் தொடக்கத்தையும் முடிவையும் வெட்ட வேண்டும், எழுத்தாளர்கள் அதிகம் பொய் சொல்வது அங்கேதான் என்று புனினிடம் சொன்ன மனிதர், தன் எழுத்திலும் கத்தியை வைக்கத் தயங்கவில்லை.

ஆனால் மாணவர் கவனிக்க வேண்டிய ஆபத்தும் செகாவிடமே இருக்கிறது. 1886 மே மாதம் அண்ணன் அலெக்சாந்தருக்கு அவர் எழுதிய கடிதம் பிரசித்தம். நிலா இரவை எழுத வேண்டுமா? அணைக்கரையில் உடைந்த பாட்டில் துண்டு நட்சத்திரமாக மின்னியது என்று எழுது, ஓடும் ஓநாயின் நிழலைக் காட்டு, நிலா வந்துவிடும் என்கிறார். அதே ஆண்டு வெளிவந்த ஒரு கதையில் அந்தப் பாட்டில் கழுத்தை அவரே வைத்திருந்தார். ‘ஓநாய்’ என்ற தலைப்பில் அதை இப்போதும் படிக்கலாம். பத்தாண்டு கழித்து 1896இல் மேடையேறிய ‘கடற்பறவை’ நாடகத்தில் அந்தப் பாட்டில் மூன்றாவது முறை வருகிறது. புகழ்பெற்ற எழுத்தாளர் திரிகோரினுக்குப் பாட்டில் கழுத்தும் ஆலைச் சக்கரத்தின் நிழலும் இருந்தால் போதும், நிலா இரவு தயார். தானோ நடுங்கும் ஒளி, தூரத்துப் பியானோ என்று திண்டாடுவதாக இளம் எழுத்தாளன் திரெப்லேவ் நொந்துகொள்கிறான். தன்னுடைய ஆகச் சிறந்த உத்தியைக் கையில் எடுத்துப் பார்த்து, இது வாய்பாடாகிவிட்டது என்று செகாவ் கண்டுகொண்ட இடம் இது. ஆசிரியரே வாய்பாடு என்று ஒதுக்கியதை மாணவர் வேதமாகப் பிடித்துக்கொள்வதற்கில்லை.

அவர் அதற்கப்பால் எவ்வளவு தூரம் போனார் என்பதை 1899இல் எழுதிய ‘நாய்க்காரச் சீமாட்டி’யில் பார்க்கலாம். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்ட ரா. கிருஷ்ணையாவின் மொழிபெயர்ப்பில் தமிழ் வாசகர்கள் பலருக்கும் பழக்கமான கதை. யால்தாவில் விடுதி அறையில் முதல்முறை கூடியபின் மணமான ஆன்னா குற்றவுணர்வில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். கூரவ் மேசையிலிருந்த தர்பூசணியில் ஒரு துண்டு வெட்டி நிதானமாகத் தின்கிறான். குறைந்தது அரை மணி நேரம் இருவரும் பேசவில்லை. பாட்டில் துண்டு நிலாவைத்தான் காட்டியது; இந்தத் தர்பூசணி ஒரு மனிதனின் முப்பது நாற்பது ஆண்டு வாழ்க்கையைக் காட்டிவிடுகிறது. மாஸ்கோ திரும்பியபின் அதே கூரவ், காதல் நெஞ்சை அடைக்க, கூடச் சீட்டாடிய அதிகாரியிடம் யால்தாவில் எப்படிப்பட்ட பெண்ணைச் சந்தித்தேன் தெரியுமா என்று வாய்விடுகிறான். சறுக்குவண்டியில் ஏறிய அதிகாரி திரும்பிக் கூப்பிட்டு, நீங்கள் அன்று சொன்னது சரிதான், அந்த மீன் கொஞ்சம் நாறித்தான் போயிருந்தது என்கிறார். முதலில் உணர்ச்சியற்றவன் கூரவ். இப்போது உணர்ச்சி அவன் பக்கம் வந்துவிட, தர்பூசணி தின்னும் இடத்தில் உலகம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு தின்பண்டங்களுக்கு நடுவே ஒரு மனிதன் மாறியிருப்பதை ஒவ்வொரு வாசிப்பிலும் புதிதாகப் பார்க்க முடிகிறது.

செகாவிடம் கற்றவர்களில் ஆங்கிலச் சிறுகதை எழுத்தாளர் காதரின் மான்ஸ்ஃபீல்டின் கதை ஆராயத் தகுந்தது. 1910இல், 21 வயதில் அவர் வெளியிட்ட ‘களைத்துப்போன குழந்தை’, செகாவின் ‘தூக்கம்’ கதையை அப்பட்டமாக ஒட்டி எழுதியது. தூக்கமில்லாமல் வேலை வாங்கப்படும் சிறுமி, ஓயாமல் அழும் கைக்குழந்தை, இறுதியில் நேரும் கொலை எல்லாம் அதேதான். களவு என்ற குற்றச்சாட்டு அவர் இறந்தபின்னும் ஓயவில்லை. செகாவின் கதையில் சாமி விளக்கின் பச்சை ஒளியும் காயப்போட்ட துணிகளின் நிழலும் ஆடி ஆடிச் சிறுமியின் மூளைக்குள்ளேயே புகுந்துவிடுகின்றன. மான்ஸ்ஃபீல்டு அந்த இடத்தில் கறுத்த மரங்கள் நிற்கும் ஒரு வெள்ளைப் பாதையைக் கனவாக வைக்கிறார். அழகான கனவுதான், ஆனால் சிறுமி கிடக்கும் அறையோடு அதற்கு ஒட்டுறவில்லை. கதைப்போக்கை எடுத்துக்கொண்டவர் கைப்பக்குவத்தை இன்னும் எடுக்கவில்லை.

1919இல் அவர் மொழிபெயர்ப்பாளர் கோதெலியான்ஸ்கியோடு சேர்ந்து செகாவின் கடிதங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1922இல் ‘ஈ’ கதையை எழுதினார். போரில் மகனைப் பறிகொடுத்த முதலாளி ஒருவர் அலுவலக அறையில் அழுவதற்கென்றே உட்காருகிறார், அழுகை வரவில்லை. மைக்கூட்டில் விழுந்த ஈயை எடுத்து வெளியே விடுகிறார். அது இறக்கையைத் துடைத்துத் தேறியதும் அதன்மேல் ஒரு சொட்டு மை விடுகிறார். மறுபடி தேறுகிறது, மறுபடி மை. ஈ செத்தபின் முதலில் எதை நினைத்துக்கொண்டிருந்தோம் என்பதே அவருக்கு மறந்துவிடுகிறது. துயரம் தன் பிடியிலிருந்து நழுவுவதைத் தாங்காத கை இப்படித்தான் எதையாவது வதைக்கும் என்பதை அந்த மைச்சொட்டு காட்டிவிடுகிறது. செகாவின் எந்தக் கதையையும் ஒட்டி எழுதியதல்ல இது. ஆனால் மகனை இழந்த தகப்பனும் எதிரே வாய்பேசாத ஓர் உயிரும் என்ற அமைப்பில் அயோனாவின் லாயத்தை நினைக்காமல் இதைப் படிக்க முடியாது. குதிரையிடம் ஆறுதல் தேடியவர் ஏழை வண்டிக்காரர்; ஈயை வதைப்பவர் வசதியான முதலாளி. 36 ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இந்த இரண்டு கதைகளையும் ஒரே மூச்சில் அடுத்தடுத்துப் படிப்பது நல்லது.