தகரக் கார் நகைச்சுவைகள்: சிரித்தவர் யார், சிரிக்கப்பட்டவர் யார்?

பழைய கார்களைக் கேலி செய்யும் துணுக்குகளும் பள்ளி மைதானப் பாட்டுகளும் தொகுப்புகளில் பெரும்பாலும் ஊர், காலம் இன்றி ஒன்றாகக் கலந்தே தரப்படுகின்றன. படிக்கச் சுவைதான். ஆனால் சொன்னவர் யார் என்பது தெரியாவிட்டால் துணுக்கின் பாதிப் பொருள் போய்விடுகிறது.

ஃபோர்டு நிறுவனத்தின் ‘மாடல் டி’ கார் 1908 முதல் 1927 வரை உருவானது. மொத்தம் சுமார் ஒன்றரைக் கோடி கார்கள். தொடக்கத்தில் 850 டாலராக இருந்த விலை 1925இல் 260 டாலருக்கு இறங்கியது. ‘டின் லிசி’ என்பது அதன் பட்டப்பெயர். அதைப் பற்றிய துணுக்குகள் மலிவுவிலைச் சிறு நூல்களாகவே விற்றன. ஒருவர் தம் கூரைத் தகரத்தை ஃபோர்டு ஆலைக்கு அனுப்ப, “உங்கள் கார் மிக மோசமாக நொறுங்கியுள்ளது, ஆனாலும் சரிசெய்துவிடலாம்” என்று பதில் வந்ததாம். இன்னொருவர் தம்மைக் காரோடு சேர்த்துப் புதைக்கச் சொன்னாராம். எந்தக் குழியில் விழுந்தாலும் அதுதானே மேலே ஏற்றிவிட்டது! இரண்டாவது கேலி உண்மையில் புகழ்ச்சி. பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில் இருந்ததால், எரிபொருள் குறைந்த நிலையில் செங்குத்தான மேட்டைப் பின்னோக்கி ஓட்டித்தான் ஏற வேண்டும். இதையெல்லாம் பட்டு அறிந்தவர்கள் தங்கள் வண்டியைப் பார்த்துத் தாங்களே சிரித்தார்கள். ஹென்றி ஃபோர்டும் இவற்றைச் செலவில்லாத விளம்பரமாகவே கண்டார்.

கிழக்கு ஜெர்மனியின் டிராபண்ட் வேறு கதை. “இதன் மதிப்பை இரட்டிப்பாக்குவது எப்படி? பெட்ரோல் தொட்டியை நிரப்பு” என்ற துணுக்கை அந்நாட்டு மக்களின் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. அங்கே புதிய காருக்குப் பத்தாண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் பழைய டிராபண்ட் புதியதைவிடக் கூடுதல் விலைக்குப் போனது. மதிப்பில்லாத வண்டி என்ற கேலி அங்கே எப்படி எடுபடும்? சுவர் விழுந்த பின்போ, மேற்கிலோ பிறந்தது என்று கொள்வதே பொருந்தும்.

அதே துணுக்கு 1980களில் பிரிட்டிஷ் பள்ளிகளில் ஸ்கோடாவின் மேல் ஒட்டிக்கொண்டது. “பின்கண்ணாடிக்கு ஏன் சூடேற்றி? தள்ளும்போது கை குளிராமல் இருக்க” என்பதும் அந்த வகைதான். சட்டகத்தை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றுவது சிறுவர் வழக்கு. அயோனா ஓப்பியும் பீட்டர் ஓப்பியும் 1959இல் வெளியிட்ட ஆய்வு நூல் இதற்கு ஏராளமான சான்றுகள் தருகிறது. ஆனால் இங்கே சிரித்தவர்களின் வீட்டில் அந்தக் கார் இல்லை. பிரிட்டனில் கிடைத்த மிக மலிவான புதிய கார்களுள் ஒன்று அது. அப்பா அதில் கொண்டுவந்து இறக்கிவிடும் பிள்ளைதான் துணுக்கின் உண்மையான இலக்கு. டின் லிசித் துணுக்கையும் இதையும் ஒரே பக்கத்தில் ‘கார் ஜோக்ஸ்’ என்று அச்சிடும்போது மறைந்துபோவது அந்தப் பிள்ளைதான்.

2000ஆம் ஆண்டில், ஃபோக்ஸ்வாகனின் கைக்குப் போய்விட்ட ஸ்கோடா, தன் ‘ஃபேபியா’ காரை பிரிட்டனில் விற்க இதே கேலியை விளம்பரமாக்கியது.